கடல்தேங்காய் கடந்த வாசல்கள்

நாட்டு மருந்துக் கடையில் 'கடல்தேங்காய்' என்று கேட்டால், கடைக்காரர் மறுபேச்சின்றி ஒரு டப்பாவைத் திறந்து, வெண்மையும் பழுப்பும் கலந்த சில சில்லுகளைத் தாளில் மடித்துத் தருவார். பல்லால் கடித்தால் பல்தான் உடையும். கல்லில் இழைத்துத்தான் எடுக்க வேண்டும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "கடல்லேருந்து" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. இந்த விடையைக் கேட்டு நகைக்க வேண்டியதில்லை. 1768 வரை உலகத்தின் ஆகப் பெரிய அறிஞர்களும் இதற்கு மேல் எதுவும் அறிந்திருக்கவில்லை.

துறவிகள் கையில் ஏந்தும் கரிய ஓடுகளில் ஒரு வகையும் இதே காயின் பாதிதான். (நம் ஊர்ப் பூங்காக்களில் காணும் திருவோட்டு மரம் வேறு. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சிறுமரம். பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.) ஒரு பனையின் விதை மருந்துப் பெட்டிக்கும் துறவியின் கைக்கும் அரசர்களின் கருவூலத்திற்கும் ஒருங்கே சென்று சேர்ந்த கதை விசித்திரமானது. அதனினும் விசித்திரமானது, அந்த விதை ஒவ்வொரு காலத்திலும் ஒரு காவலைக் கடக்க வேண்டியிருந்தது என்பது. சுங்கம், தொற்றுத்தடுப்பு, உரிமம், சான்றிதழ் என்றெல்லாம் இன்று நாம் அறியும் நடைமுறைகளின் முன்வடிவங்கள் பலவற்றை இந்த ஒரு விதையின் வரலாற்றிலேயே கண்டுவிட முடிகிறது.

முதல் காவலன் கடல். இந்தியப் பெருங்கடலின் மேற்கே, செஷல்ஸ் தீவுக்கூட்டத்தில் பிராலின், கியூரியூஸ் என்ற இரு சிறு தீவுகளில் மட்டுமே இம்மரம் இயற்கையாக வளர்கிறது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பெண் மரம் காய்க்கத் தொடங்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகும். காய் முதிர ஆறேழு ஆண்டுகள். உலகத் தாவரங்களின் விதைகளிலெல்லாம் கனமானது இதுவே. ஒற்றை விதை பதினைந்து கிலோவைத் தாண்டுவதுண்டு. தென்னையின் காய் கடலில் மிதந்து, கரையேறி, முளைத்து, உலகின் வெப்பக் கரைகளையெல்லாம் தனதாக்கிக் கொண்டது. கடல்தேங்காய் என்று பெயர் பெற்ற இதுவோ கடலைக் கடக்க இயலாதது. உயிருள்ள விதை நீரில் விழுந்தால் நேரே மூழ்கிவிடும். உள்ளே பருப்பு அழுகி, கூடு வெறுமையானால்தான் மிதக்கும். ஆகவே மாலத்தீவிலும் இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் ஒதுங்கிய ஒவ்வொரு காயும் பிணம். உயிரோடு வெளியேறும் உரிமையைக் கடல் அதற்குத் தரவே இல்லை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

அவ்வாறு ஒதுங்கிய வெற்றுக் காய்களுக்குத்தான் இரண்டாம் காவல் அமைந்தது. பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா பிரார் 1602 இல் மாலத்தீவில் கப்பல் உடைந்து கரையேறி, 1607 வரை அங்கே ஏறக்குறையக் கைதியாக வாழ்ந்தவர். அவருடைய பயண நூல் அத்தீவுகளைப் பற்றிய அரிய ஆவணம். கரையில் ஒதுங்கும் இந்தக் காய்கள் அம்பரைப் போலவே அரசனுக்கு மட்டும் உரியவை என்றும், கண்டெடுத்தவன் அரசனின் அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார். ஒளித்து வைப்பவன் கையை இழக்கவும் கூடும். திடீரென்று ஒருவன் பணக்காரனானால், அவனுக்குக் கடல்தேங்காய் கிடைத்திருக்கும் என்று ஊரார் பேசிக்கொள்வார்களாம். நம் ஊரில் 'புதையல் கிடைத்திருக்கும்' என்று சொல்வதைப் போல.

கரையில் காவலனை நிறுத்தி, வந்து சேரும் பொருளைக் கைப்பற்றி, தனியார் வைத்திருப்பதைக் குற்றமாக்கும் இந்த ஏற்பாட்டைச் சுங்கம் என்று அழைக்காமல் வேறெப்படி அழைப்பது? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காவலன் கேட்டது ஒரே கேள்விதான்: 'இது யாருக்குச் சொந்தம்?' காயோடு வேறு ஏதேனும் தொற்றி வந்திருக்கிறதா என்று அவன் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவை இருப்பதாக அன்று எவருக்கும் தோன்றியதில்லை.

தாய்மரம் தெரியாத விதை என்பதால் கற்பனை அதன் மேல் எல்லையற்றுப் படர்ந்தது. கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563 இல் வெளியிட்ட உரையாடல் நூலில், நஞ்சுமுறிப்பானாக இதற்கு இருந்த பெரும்புகழைப் பதிவு செய்கிறார். நிலம் கடலில் அமிழ்ந்தபோது மூழ்கிப்போன மரங்களின் காய்கள் இவை என்ற வழக்கையும் குறிப்பிடுகிறார். அம்போயினாவில் வாழ்ந்த ரும்ஃபியஸ், கடலடியில் நிற்கும் மரம் ஒன்றின் கனியே இது என்று எழுதினார். அம்மரத்தின் உச்சியில் கருடன் கூடு கட்டியிருப்பதாகச் சாவகத் தீவினர் சொன்ன கதையும் அவர் வழியாகவே நமக்குக் கிடைக்கிறது. மாமன்னர் இரண்டாம் ருடால்ஃபின் அரண்மனைப் பொற்கொல்லர் அன்டோன் ஷ்வைன்பெர்கர் 1602 இல் ஒரு பாதிக் காயைப் பொன்முலாம் பூசிய வெள்ளியில் பதித்து நீர்க்குடுவையாக்கினார். வியன்னா அருங்காட்சியகத்தில் அதை இன்றும் காணலாம். நஞ்சு கலந்த பானத்தை இந்த ஓட்டில் ஊற்றினால் நஞ்சு முறியும் என்ற நம்பிக்கை, நஞ்சுக்கு அஞ்ச வேண்டிய நிலையில் இருந்தவர்களிடம் நல்ல விலை பெற்றது.

1768 இல் மரியோன் டுஃப்ரேன் அனுப்பிய பிரெஞ்சுப் பயணக் குழுவைச் சேர்ந்த பாரே என்ற அளவையாளர், மனிதர் எவரும் குடியேறியிராத பிராலின் தீவில் காயையும் மரத்தையும் ஒன்றாகக் கண்டார். கடலடி மரம் மலைச்சரிவில் நின்றுகொண்டிருந்தது. கருடனைக் காணவில்லை. மறு ஆண்டே அதே குழுவில் இருந்த டுஷ்மன் ஒரு கப்பலோடு திரும்பி வந்து, வயிறு நிறையக் காய்களை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்கு வந்து விற்றார். சந்தை சரிந்தது. அரசர் கையிலிருந்த அரும்பொருள் ஒரே பருவத்தில் மூட்டைச் சரக்காயிற்று. மருந்தின் வீரியத்தில் எத்தனை பங்கு அதன் அருமையில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை எந்த ஆய்வகத்திலும் நடந்திருக்க முடியாது. (ஆயினும் நம் கடைகளில் அது இன்றும் விற்கிறது, நம்பிக்கை சந்தையைக் காட்டிலும் ஆயுள் நீண்டது.)

விதை உயிரோடு பிற நாட்டுக்குச் சென்றது இதன் பிறகுதான். பின்னாளில் புதுச்சேரியில் நெடுங்காலம் வாழ்ந்த பியேர் சொன்னேரா, இளைஞராக இருந்தபோது பிராலின் சென்று மரத்தைப் படமெழுதி, 1776 இல் வெளியான தம் பயண நூலில் பதிப்பித்தார். பிரெஞ்சுத் தீவில், அதாவது இன்றைய மொரீஷியஸில், அக்காலத்தில் நிர்வாகியாக இருந்தவர் பியேர் புவாவ்ர்; சொன்னேரா அவரிடம் பணியாற்றியவர். புவாவ்ரின் பெயரைச் சொன்னால் ஒல்லாந்தரின் ஜாதிக்காயைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஜாதிக்காய் வேறெங்கும் முளைத்துவிடக் கூடாதென்று ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைச் சுண்ணாம்பில் தோய்த்து முளைக்கும் திறனைப் போக்கிய பிறகே விற்றது. அந்தக் காவலை ஏமாற்றி 1770 இல் ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளையும் விதைகளையும் தம் தீவுக்கு வரவழைத்தவர் புவாவ்ர். ஒல்லாந்தர் கண்ணில் திருடர். பிரெஞ்சு வரலாற்றில் நாயகர். விதையின் வரலாற்றில் இந்த இரு பட்டங்களும் பலமுறை ஒரே தலையில் ஏறியிருக்கின்றன.

அடுத்த நூறாண்டு தாவரவியல் பூங்காக்களின் காலம். கியூ, கல்கத்தா, பேராதனை, பம்பல்மூஸ், பொய்டன்சோர்க் என்று ஒன்றோடொன்று கொடுக்கல் வாங்கல் நடத்திய பேரரசின் தோட்டங்கள் அவை. 1830களில் வார்டு கண்டுபிடித்த மூடிய கண்ணாடிப் பெட்டி, கன்றுகளை உப்புக் காற்று படாமல் மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுசெல்ல உதவியது. மண்ணோடும் வேரோடும் அந்தப் பெட்டிகள் ஊர் ஊராகப் போயின. மண்ணில் வேறு என்ன இருந்ததென்று எவரும் கேட்கவில்லை. அறிவியலின் பெயரால் நடந்த இந்தப் பரிமாற்றத்தில் அனுப்பும் தீவின் மக்களுடைய இசைவு என்ற ஒன்று கணக்கிலேயே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூங்காக்களை நான் நேசிப்பவன். ஆனால் அவற்றின் வருகைப் பதிவேடுகளை முழுதும் பெருமிதத்தோடு படிக்க என்னால் இயலவில்லை.

'என்ன தொற்றி வருகிறது?' என்ற கேள்வியை ஐரோப்பாவுக்குக் கற்பித்தது திராட்சை. 1860களில் அமெரிக்கக் கொடிகளோடு கடல் கடந்த ஃபிலாக்சரா என்னும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேர்ப்பேன் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. 1878 இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி உடன்படிக்கை செய்தன. தாவரங்களின் பயணத்தைக் கட்டுப்படுத்த உருவான முதல் பன்னாட்டு ஏற்பாடு அதுவே. இந்தியாவில் 1914 இல் அழிவுதரும் பூச்சிகள், நோய்கள் சட்டம் வந்தது. சென்னை மாகாணம் 1919 இல் தனக்கென்று ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் கோதாவரிக் கழிமுகத்தில் பனைகளின் குருத்தழுகல் நோய் பரவியதும், தாவர நோயியலாளர் பட்லர் அதை ஆராய்ந்ததும், நோயுற்ற மரங்களின் தலைகளை வெட்டி எரிக்க அரசு ஆட்களை அனுப்பியதும் அந்நாளைய வேளாண்மைத் துறைப் பதிவுகளில் உள்ளன. பனையேறியின் வாழ்வாதாரத்தைக் காக்கப் பனையையே வெட்ட வேண்டியிருந்தது. தொற்றுத்தடுப்பின் கொடுமை இது. அதன் கத்தி எப்போதும் நோயற்றவர் கண்முன்னால்தான் விழும். அது காப்பாற்றியதை எவரும் காண முடியாது.

பனைக் குடும்பத்தின் விதை ஏன் பிற விதைகளைவிட ஐயத்துக்குரியதாயிற்று? காரணம் ஃபிலிப்பைன்ஸில் இருக்கிறது. அங்கே 'கடங்-கடங்' என்று பெயர் பெற்ற நோய் இருபதாம் நூற்றாண்டில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட தென்னைகளைக் கொன்றது. காரணி பூஞ்சையன்று, வைரஸும் அன்று. அதனினும் சிறிய வைராய்டு. வெறும் 246 அலகுகள் கொண்ட ஓர் ஆர்.என்.ஏ. வளையம், புரத உறைகூட இல்லாதது. மரம் பூக்கும் பருவம் வரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. விதை வழியாகவும், அரிதாகவேனும், பரவக்கூடும். சுங்க மேசையில் ஒரு காயைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரி எத்தனை கூர்மையான கண் படைத்தவராக இருந்தாலும் இதைக் காண முடியாது. பூச்சியென்றால் புகை போட்டுக் கொல்லலாம். பூஞ்சையென்றால் மருந்தில் தோய்க்கலாம். இதற்குச் செய்யக்கூடியது ஆய்வகச் சோதனையும் காத்திருத்தலும்தான்.

காத்திருக்கக் கற்றுக்கொண்டதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். 1927 இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வால்டர் ஸ்விங்கிள், 'பயூது' என்னும் வாடல் நோய் பேரீச்சைகளை அழித்துக்கொண்டிருந்த மொராக்கோவிலிருந்து, ஒரே ஒரு தாய்மரத்தின் பதினொரு பக்கக் கன்றுகளைக் கொண்டுவந்தார். பேரீச்சை விதையிலிருந்து தாயைப் போன்ற பிள்ளை வருவதில்லை. ஆகவே கன்றாகவே கொண்டுவர வேண்டியிருந்தது. அவற்றைக் கலிஃபோர்னியாவின் தோப்புகளுக்கு அனுப்பாமல், பேரீச்சையே இல்லாத நெவாடாவின் ஒரு மூலையில் பல ஆண்டுகள் தனித்து வளர்த்தார்கள். ஒன்பது பிழைத்தன. அமெரிக்காவின் மெஜூல் பேரீச்சைத் தோப்புகள் அந்த ஒன்பதின் வழிவந்தவை.

மற்றொன்று நம்முடையது. 1916 இல் சென்னை மாகாண அரசு காசர்கோடு வட்டாரத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையங்களைத் தொடங்கியது. 1920களில் ஃபிஜி, ஃபிலிப்பைன்ஸ், மலேயா முதலிய இடங்களிலிருந்து அங்கே விதைக்காய்கள் தருவிக்கப்பட்டன. அந்த நாட்களில் காய் வரும், நடப்படும், அவ்வளவே. 1981 இல் பசிபிக் தீவுகளிலிருந்து அதே பணிக்காக விதைக்காய்கள் திரட்டப்பட்டபோது உலகம் மாறிவிட்டிருந்தது. அவற்றைப் பெருநிலத்துக்குக் கொண்டுவராமல் தெற்கு அந்தமானில் சிப்பிகாட் என்ற இடத்தில், நடுக்கடலில் ஒரு திட்டுபோல், நட்டு வளர்த்தார்கள். பின்னர் அங்கிருந்து பெருநிலத்துக்கு வந்தவை காய்களல்ல; காயிலிருந்து நுண்மையாகப் பிரித்தெடுத்த கருக்கள். கண்ணாடிக் குழாயில், கிருமி நீக்கிய ஊட்டக் கரைசலில் அமர்ந்து அவை பயணம் செய்தன. தேங்காயைக் கொண்டுவர நார், ஓடு, நீர், பருப்பு அனைத்தையும் கைவிட வேண்டியிருந்தது!

எதிர்த்திசைப் பாடமும் உண்டு. தெற்காசியத் தென்னைகளின் பழம்பகையான சிவப்புக் கூன்வண்டு 1980களில் வளைகுடா நாடுகளின் பேரீச்சைகளில் ஏறியது. 1990களில் எகிப்தையும் ஸ்பெயினையும் அடைந்தது. கடலை அது பறந்து கடக்கவில்லை. அழகுக்காகவும் தோப்புக்காகவும் வேரோடு பெயர்த்து விற்கப்பட்ட மரங்களின் தண்டுக்குள் புழுவாக இருந்து பயணம் செய்தது.

இனி கடல்தேங்காயிடமே திரும்பலாம். இன்று அதைக் கொண்டுவர விரும்பும் ஒருவர் இரு வாசல்களில் நிற்க வேண்டும். முதல் வாசல் பிராலினில். 1978 இல் செஷல்ஸ் அரசு இக்காய்க்கென்றே தனி ஆணை பிறப்பித்தது. பறிக்க, வைத்திருக்க, விற்க அனுமதி வேண்டும். 1983 இல் அந்தப் பனைகள் அடர்ந்த மே பள்ளத்தாக்கு உலகப் பாரம்பரியக் களமாயிற்று. (1881 இல் அங்கே வந்த ஜெனரல் கார்டன் இதுவே ஏதேன் தோட்டம், இம்மரமே விலக்கப்பட்ட கனியின் மரம் என்று முடிவு கட்டியவர். ஏறுவதற்கு எளிதல்லாத அந்த உயரத்திலிருந்து ஏவாள் பழம் பறித்தது எப்படி என்று அவர் விளக்கியதாகத் தெரியவில்லை.) 2010 இல் செஷல்ஸின் வேண்டுகோளின்படி, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. 2011 இல் அழிவின் விளிம்பை நெருங்கும் இனமாக வகைப்படுத்தப்பட்டது. காய்த் திருட்டும் காட்டுத் தீயும் இன்னும் ஓயாத கவலைகள். இரவில் திருடப்படும் காய்களின் பருப்பு ஆசியச் சந்தைகளுக்குத்தான் போகிறது என்னும்போது, நம் மருந்துக்கடை டப்பாவை முன்போல் வியப்புடன் மட்டும் பார்க்க முடிவதில்லை.

இரண்டாம் வாசல் நம் பக்கம். 2003 ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, நடுவதற்கான விதைக்கு இங்கே முன்கூட்டிய இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். குறித்த துறைமுகம் அல்லது விமான நிலையம் வழியாகவே வர வேண்டும். சென்னையில் மீனம்பாக்கத்தில் இதற்கென மண்டல நிலையம் ஒன்று இருக்கிறது. மாலத்தீவு அரசனின் காவலன் கேட்டது 'யாருடையது?' என்று, ஃபிலாக்சராவுக்குப் பிந்தைய உலகம் கேட்பது 'தூய்மையானதா?' என்று. இன்று அந்த இரு கேள்விகளும் ஒரே காயிடம் கேட்கப்படுகின்றன.

பயணிகள் பிராலினில் நினைவுப் பொருளாக வாங்கும் காயில் அரசின் அடையாள ஒட்டு இருக்கும். உடன் ஒரு சான்றிதழும் தருவார்கள். ஆனால் உள்ளே பருப்பு இருக்காது. குடைந்தெடுத்த வெற்றுக் கூடு. கடல் விதித்த அதே நிபந்தனையைச் சட்டமும் விதித்திருக்கிறது.

இந்த நிபந்தனைகள் எல்லாம் வருமுன் வந்து சேர்ந்த ஒரு மரம் இந்தியாவில் இருந்தது. கல்கத்தாவுக்கு அருகே ஹௌராவில் உள்ள தாவரவியல் பூங்காவில் 1894 இல் நடப்பட்ட கடல்தேங்காய் அது. பல பத்தாண்டுகள் கழித்துப் பூத்தபோதுதான் அது பெண் மரம் என்று தெரிந்தது. துணைக்கு ஆண் மரம் இந்தியாவில் எங்கும் இருக்கவில்லை. புதிதாக விதை தருவித்து நட்டாலும், அது முளைக்கவும் வளரவும் ஆணா பெண்ணா என்று தெரியவும் இன்னொரு தலைமுறை ஆகும். அதுவரை முதியவள் இருப்பாளா என்பது அன்று உறுதியில்லை. ஆகவே பூங்காவின் அறிவியலாளர்கள் விதையை விட்டுவிட்டு மகரந்தத்தைத் தேடினர். முதலில் இலங்கையிலிருந்து வந்தது, பலிக்கவில்லை. பிறகு தாய்லாந்தில் உள்ள ஓர் ஆண் மரத்தின் மகரந்தம் வந்தது. பதினைந்து கிலோ விதைக்கு மாற்றாகச் சிறு பொட்டலத்தில் அடங்கும் ஒரு பிடி தூள். 2013 இல் பாளை விரிந்த நேரம் பார்த்து, ஆள் ஏறி, அதைக் கையால் தூவினார்கள். நூற்றுப் பத்தொன்பது ஆண்டுகள் தனித்து நின்ற மரத்தில் இரண்டு காய்கள் பிடித்தன.